அகல டயர், ஒல்லி டயர்

எனக்கு மணல் தெரியும். கொள்ளிடக் கரையில் பிறந்தவனுக்கு வண்டி ஓட்டுவதைப் பற்றி வேறு யார் என்ன சொல்லிவிட முடியும் என்ற திமிர் இருபத்தெட்டு வயது வரை என்னிடம் இருந்தது. என் மனைவியின் ஊருக்குப் போகும் மூன்று கிலோமீட்டர் கரிசல் பாதை அதை ஒரே மத்தியானத்தில் இறக்கி வைத்தது.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. திருமானூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கரும்பு வயலிலோ ஆற்றோரத்திலோ மோட்டார் நின்றுபோனால் கழற்றி எடுத்துவந்து, காயில் கட்டி, திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவேன். அதற்காகவே அரசாங்க ஏலத்தில் ஒரு குட்டை ஜீப் எடுத்திருந்தேன். கதவு கிடையாது, மேலே தார்ப்பாய், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். திருமழபாடிப் பக்கம் ஆற்று மணலுக்குள் அதை இறக்கி ஏற்றும்போது கரையில் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். அந்த நாலு பேருக்காகவே இன்னும் ஒரு தடவை இறக்குவேன்.

மனைவியின் ஊர் குன்னத்துக்கு அந்தப் பக்கம். தார் ரோட்டில் இறங்கினால் பருத்திக் காட்டுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர். வெயில் காலத்தில் அந்தப் பாதையில் பந்தி போடலாம், அவ்வளவு கெட்டி. மழை பெய்துவிட்டால் சைக்கிளைக்கூடத் தோளில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போது எங்கள் ஊரும் அவள் ஊரும் ஒரே மாவட்டம். பிறகு பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அரியலூரும் பெரம்பலூரும் பிரியாமல் இருக்கின்றன, சண்டை உட்பட.

கல்யாணமான மறு வருஷம் அவள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தது கார்த்திகை மாதம், அடைமழைக் காலம். முந்தின வருஷம் அவள் தெருவில் ஒரு பெண்ணுக்கு மழையில் வலி எடுத்திருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் தார் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். வழியில் இருக்கும் ஓடையைத் தாண்டுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தங்கவில்லை. என் மனைவி இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

"அப்ப இங்கயே இருந்துடேன்" என்றேன்.

"அம்மா பக்கத்துல இல்லாம என்னால முடியாதுங்க. நீங்கதான் ஜீப்பு வெச்சிருக்கீங்கல்ல. நல்ல டயரா வாங்கிப் போடுங்க, போதும்."

அவள் பெரியம்மா வீடு குரும்பலூரில் இருந்தது. அங்கிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரி பக்கம். குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னால் அவளை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவானது. ஆனால் வலி நாள் பார்த்தா வரும்? அதனால் டயர் வாங்குவது என் வேலை ஆனது. என் பொண்டாட்டி பிள்ளை இரண்டு பேரும் அந்த நாலு டயரில்தான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

அரியலூரில் ஒரு டயர் கடை. கடைக்கார பாய் லெப்பைக்குடிக்காட்டுக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு வந்து கடை போட்டவர். அவரிடமும் என்னுடையதைப் போலவே ஒரு குட்டை ஜீப் இருந்தது, டயர் ஏற்றிப் போக. அதனால் எங்களுக்குள் கொஞ்சம் நெருக்கம். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை.

"சேறுன்னா என்ன தம்பி? தண்ணி கலந்த மண்ணு. மண்ணுல பொதையாம போறதுக்கு ஒரே வழிதான், அகலம். அகலமா மிதிச்சா அமுங்காது. எடம் மோசமா இருந்தா காத்தப் பாதியா எறக்கிடுங்க. பாலைவனத்துல லோடு லாரிய ஓட்டிட்டு வந்தவன் சொல்றேன்."

நான் ஆற்றில் செய்வதும் அதேதான். தலையை ஆட்டினேன். மூலையில் பட்டாளத்து ஜீப்புக்குப் போடும் மாதிரி டயர் ஒற்றையாக ஒன்று சாய்ந்திருந்தது. ஒல்லி உடம்பு, அதில் பட்டன் என்று கடைக்காரர்கள் சொல்லும் ரப்பர்க் கட்டைகள் தள்ளித் தள்ளி நின்றன. "இது என்ன பாய், சைக்கிளுக்கா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சென்னையிலிருந்து அவர் எடுத்துவந்து வைத்திருந்த அகல டயர் நாலை, அதற்கான சக்கர டிஸ்க்கோடு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஜீப் புஜத்தை விரித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஊர் வருவதற்குள் மூன்று இடத்தில் நிறுத்தி டீ குடித்தேன், டீக்காக இல்லை.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அவர் ஊர் வெள்ளாற்றங்கரை. என் ஊர் கொள்ளிடக் கரை. மணல்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசி சேற்றுக்கு டயர் எடுத்திருக்கிறோம்.

வளைகாப்பு முடிந்து அவளைத் தாய் வீட்டில் விட்டபோது பாதை காய்ந்திருந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து, பலகாரப் பையோடு பார்க்கப் போனேன். முந்தின நாள் முழுக்க மழை. இப்போது வானம் வெளுத்திருந்தது. சோதித்துப் பார்க்க நல்ல சமயம் என்று தார் ரோட்டிலிருந்து இறக்கினேன்.

முதல் நூறு அடி ஜோராகப் போனது. பிறகு கரிசல் டயரில் ஒட்டியது. ஒட்டியது கழலவில்லை, அதன் மேல் இன்னும் ஒட்டியது. பட்டன் சந்தெல்லாம் அடைத்துப்போய் டயர் உரல் மாதிரி வழவழவென்று ஆனது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி இன்னொரு பக்கம் போனது. இறங்கி, மணலில் செய்வதுபோல் காற்றை இறக்கினேன். டயர் இன்னும் அகலமாகப் படிந்து இன்னும் அதிகமாக அள்ளியது. அரை கிலோமீட்டர்கூட ஆகவில்லை, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு இறுகி, சக்கரம் சுற்றுவதே நின்றுவிட்டது. இன்ஜின் உறுமியது, நான் அதைவிட உறுமினேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் மச்சான், அவளுக்கு அண்ணன், ஒரு ஜோடி மாட்டோடு வந்தான். கூடவே பருத்திக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பாதிப் பேர்.

"மாப்ள, இதுக்கு டயரு எதுக்கு? நாலு காலு வெச்சிருந்தீங்கன்னா வந்துருக்கும்" என்றான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மாடுகள் ஜீப்பைத் தார் ரோட்டுக்கே திரும்ப இழுத்துவிட்டன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பலகாரப் பையோடு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் எல்லோருக்கும் கதை அதற்குள் தெரிந்திருந்தது. மாமியார் கால் கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப, கட்டிலுதானா?" என்றாள்.

அந்தக் கேள்வியோடு மறுநாள் அரியலூருக்குப் போய் பாயின் கடை முன்னால் ஜீப்பை நிறுத்தினேன். நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பாலைவனத்தைப் பற்றியும் லாரியைப் பற்றியும் நிறையச் சொன்னேன். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் பாய், மட்கார்டில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் பெயர்த்து, தண்ணீர் தொட்டு, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"பஸ்ஸுல போவும்போது பாத்துருக்கேன், எறங்கி மிதிச்சதில்ல. நாளைக்கு வெள்ளிக்கெழம, கட லீவு. ஜும்மா முடிஞ்சதும் என்னய அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

என் கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றது.

மறுநாள் தார் ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு இருவரும் நடந்தோம். காலையிலும் தூறியிருந்தது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவருக்குப் பத்தாவது அடியில் ஒரு செருப்பு போனது, இருபதாவது அடியில் இன்னொன்று. காலில் ஆளுக்கு இரண்டு மூன்று கிலோ மண் ஒட்டியிருந்தது. "யா அல்லாஹ், இது மண்ணா, மாவா?" என்றார். எதிரே மச்சான் வந்துகொண்டிருந்தான். அவனிடம் பாய் கேட்டது ஒரே கேள்வி.

"இந்தச் சேத்துல மாட்டு வண்டி மட்டும் எப்படிங்க போவுது?"

"வண்டிச் சக்கரம் ஒல்லியில்லீங்களா? அறுத்துக்கிட்டு அடிக்குப் போயிடும். அடியில சுக்கான் கல்லு கெட்டியா கெடக்குது, அதுல பிடிச்சுக்கும்" என்றான் மச்சான். இதைச் சொல்ல அவனுக்கு இவ்வளவு நாள் வாய் வரவில்லையா என்று முறைத்தேன். "நீங்க கேக்கவே இல்லியே மாப்ள" என்றான்.

பாய் ஒரு கடப்பாரை வேண்டும் என்றார். காட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்தான். அதன் பிறகு அந்த மனிதர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். இருபது அடிக்கு ஒரு தடவை நின்று, கடப்பாரையைச் சேற்றில் இறக்கினார். ஒரு சாண், ஒன்றரைச் சாண் போனதும் டங்கென்று சத்தம் கேட்கும். இழுத்து எடுத்து, ஏறியிருக்கும் மண்ணை அளந்து பார்ப்பார். மறுபடி நடப்பார். மூன்று கிலோமீட்டரும் இப்படியே. ஓடைப் பக்கம் மட்டும் முழங்கால் ஆழம் இறங்கியது. அங்கே நாலைந்து தரம் குத்திப் பார்த்து, எந்தப் பக்கம் ஒதுங்கிப் போனால் சுக்கான் கிடைக்கும் என்று கண்டுபிடித்து, கருவேல முள் கிளை ஒன்றை ஒடித்து அடையாளத்துக்கு நட்டுவைத்தார்.

"பன்னெண்டு வருஷம் படிச்ச படிப்பு இங்க தலைகீழால்ல இருக்குது. அங்க மேல மெதந்து போவணும். இங்க அறுத்துக்கிட்டு அடிக்குப் போவணும். அகலம் கூடாது. பட்டன் தள்ளித் தள்ளி இருக்கணும், அப்பத்தான் சுத்துற சுத்துல மண்ணு தெறிச்சு விழும். காத்தக் கொறைக்கக் கூடாது, கூட்டணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தெரியாத மண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன் தம்பி. தப்பு என்னோடது" என்றார்.

தப்பில் பாதி என்னுடையது என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாமனார் வீட்டில் டீ கொடுத்தார்கள். பாய் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது, கதவோரம் நின்ற என் மனைவியின் வயிற்றை ஒரு நொடி பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"பயப்படாதம்மா. டயரு வந்துரும்" என்றார்.

திரும்பும் வழியில், புது டயர் திருச்சியிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார். "அதுவரைக்கும் மழ நிக்குமா? என்கிட்டப் பழைய செட்டு ஒண்ணு கெடக்குது, டிஸ்க்கோட. பட்டன் நல்லா இருக்குது. நாளைக்குக் காலைல வந்து மாட்டிக்குங்க. மழ முடிஞ்சதும் கொண்டாந்து குடுங்க. உங்க அகல டயரு இங்கயே இருக்கட்டும்."

மறுநாள் காலையில் போனபோது நாலு டயரும் கழுவித் துடைத்துக் கடை வாசலில் நின்றன. பட்டாளத்து மாதிரி, ஒல்லி. நான் சைக்கிளுக்கா என்று கேட்ட அதே ஜாதி. பாய் அதை ஞாபகப்படுத்தவில்லை. மட்கார்டில் சேறு தங்கும் கீழ் விளிம்பையும் கடை ஆளை விட்டு வெட்டி எடுத்தார்.

குரும்பலூருக்கு அழைத்துப்போக இன்னும் நாலு நாள் இருந்தது. விடிந்ததிலிருந்து மழை. பதினொரு மணி வாக்கில் என் பக்கத்துக் கடைக்குப் போன் வந்தது. மச்சான் தார் ரோட்டுக்கு நடந்துவந்து, அங்கிருந்த பூத்திலிருந்து பேசினான்.

"மாப்ள, வலி வந்துடுச்சு. கெளம்பி வாங்க" என்றான். கிண்டல் ஒன்றும் இல்லாமல் அவன் பேசி அன்றுதான் கேட்டேன். போனை வைத்துவிட்டு ஜீப்புக்கு ஓடினேன்.

எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தார் ரோட்டு முனையில் மச்சான் நனைந்துகொண்டு நின்றான். ஏறிக்கொண்டான். நான்கு சக்கரத்துக்கும் கியரைப் போட்டு, பாதையில் இறக்கினேன். வண்டி புதைந்தது. புதைந்துகொண்டே போய், அடியில் எதையோ பிடித்தது. அந்தப் பிடிப்பு சீட்டு வழியாக என் முதுகில் தெரிந்தது. சேறு பட்டனிலிருந்து கழன்று தெறித்து, தார்ப்பாயில் மழைக்கு மேல் மழையாக விழுந்தது. நிறுத்தாமல், வேகம் கூட்டாமல், குறைக்காமல், டயர் மாட்டும்போது பாய் சொன்னது போலவே போனேன். முழங்கால் தண்ணீர் ஓடிய ஓடையில் அந்தக் கருவேல முள் மட்டும் வெளியே தெரிந்தது. அதை ஒட்டி ஏறினேன்.

வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் தயாராகக் கிடந்தது. சுற்றி நாலு பேர், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு. ஜீப்பைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது. அவளைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தார்கள். மாமியார் மடியில் சாய்த்துக்கொண்டார். கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தால், நாலு பேரும் கட்டிலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறார்கள்.

"எதுக்குங்க?" என்று கத்தினேன்.

"ஒருவேள நின்னுடுச்சுன்னா?" என்றார் ஒருவர். நடந்துகொண்டே சொன்னார்.

வலிக்கு நடுவே என் மனைவி, "என்னங்க, அந்தக் கட்டிலு கண்ணுல படாத மாதிரி கொஞ்சம் வேகமாப் போங்களேன்" என்றாள். போக முடியாது. நடக்கும் வேகத்தில்தான் போக முடிந்தது. ஓடையில் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தபோது கட்டிலைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு நாலு பேரும் தோள் கொடுத்து நிமிர்த்தினார்கள். பிறகு மறுபடி கட்டிலைத் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரை வந்தார்கள். டயர் தாரில் ஏறியதும் காலிக் கட்டிலோடு திரும்பி நடந்தார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் மழை மறைத்துவிட்டது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அன்று பொழுது சாய்வதற்குள் பெண் பிறந்தாள். கதவுக்கு வெளியே அழுகைச் சத்தம் கேட்டதும், ஜீப்புக்குப் போய் ஸ்டியரிங்கில் தலையை வைத்து நானும் அழுதேன். வெட்கமில்லை.

மூன்றாம் நாள் மிட்டாய்ப் பெட்டியோடு பாயின் கடைக்குப் போனேன். கடையில் அவர் இல்லை. பின்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். பின்னால் போனேன். அங்கே அவருடைய ஜீப் நாலு கருங்கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஒரு சக்கரம்கூட இல்லை. அதன் பக்கத்திலேயே, ஒரு சாக்கு போர்த்தி, என் அகல டயர் நாலும் அடுக்கியிருந்தன. பாய் சைக்கிளின் பின்னால் ஒரு டயரை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பழைய செட் ஒன்று கிடக்கிறது என்றாரே, அது கிடந்த இடம் அவருடைய ஜீப்பின் அடியில்.

"பாய், என் அகல டயரு சும்மாதானே கெடக்குது. அத மாட்டி ஓட்டியிருக்கலாமே" என்றேன்.

"அது எப்படி? அது உங்க பொருளு. எங்கிட்ட அமானிதமா இருக்குது. என்னய நம்பி விட்டுட்டுப் போன பொருள மாட்டிக்கிட்டு நான் ஊரச் சுத்தலாமா?" என்றார், ஏதோ நான் கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல.

இப்பவே கழற்றித் தந்துவிடுகிறேன் என்று ஜாக்கியைத் தேடினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அவசரப்படாதீங்க தம்பி. பச்ச ஒடம்புக்காரியயும் புள்ளயயும் எங்க கூட்டிட்டுப் போவீங்க? அம்மா வூட்டுக்குத்தானே. அதே வழியாத்தானே போவணும். போயி விட்டுட்டு வாங்க. மழ முடியட்டும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பிள்ளை பிறந்ததோடு பாதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஐந்தாம் நாள் என் மகள் தன் முதல் பயணத்தை அவருடைய டயரில்தான் போனாள். வாசலில் ஆரத்தி சுற்றிய மாமியார், சிவப்புத் தண்ணீரை ஜீப்பின் முன் சக்கரத்தடியில் ஊற்றினார்.

தை பிறந்து பாதை காய்ந்த பிறகுதான் டயரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானே அவருடைய ஜீப்பில் மாட்டினேன். யாரையும் தொட விடவில்லை. அன்று கோபத்தில் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு நீங்க பேசலன்னாதான் நான் வருத்தப்பட்டிருப்பேன், புள்ளத்தாச்சி சமாச்சாரம்ல" என்றார். ஜாக்கியை இறக்கியதும் ஜீப் இரண்டரை மாதம் கழித்துத் தரையில் நின்றது. தரையில் தனியாகக் கிடந்த கருங்கற்களை அப்புறப்படுத்தலாம் என்று குனிந்தேன்.

"அத எடுக்காதீங்க, கெடக்கட்டும். ரெண்டாவது புள்ளைக்கு வேணும்ல" என்றார்.

இரண்டாவது பையன். சித்திரை வெயிலில் பிறந்தான், பாதை பந்தி போடுகிற கெட்டியில் இருந்தது. அந்தச் சேதியோடு மிட்டாய் கொண்டுபோனபோது கடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நாலு கல்லும் போட்ட இடத்திலேயே இருந்தன.